பிள்ளையின் கைக்கு ஏற்ற இறப்பர்



அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் நான் மேசைப்பந்து மட்டையைத் தொட்டதே இல்லை. மாத்தளை மாவட்டத்தில் பாடசாலையொன்றில் படிப்பிக்க வந்த பின்னர்தான், பின்னேரப் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எனக்குத் தெரிந்தது எவ்வளவு சொற்பம் என்பதை ஒரு மாணவனே உணர்த்தினான்.

அவன் ஒன்பதாம் தரத்தில் படிப்பவன். தகப்பனுக்குச் சிறியதொரு மிளகுத் தோட்டம். “மௌலவி, மகன் நல்லா விளையாடுறான் என்டு சொல்றாங்க. மட்டைக்கு என்ன இறப்பர் வாங்கிக் குடுக்க?” என்று கேட்டார். விலை கூடியதுதான் நல்லது என்ற நினைப்பில், சம்பியன்கள் பாவிக்கும் இறப்பர் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டேன். மிளகு விற்ற பணத்தில் இரண்டு தாள் வாங்கி ஒட்டினார்.

நடந்தது என்ன? தொட்டால் போதும், பந்து மேசையைத் தாண்டிப் பறந்தது. தன்னிலும் சிறியவர்களிடம் தோற்ற பிள்ளை, மூன்று வாரம் பயிற்சிக்கே வரவில்லை.

பிறகுதான் தெரிந்தவர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டேன். நீங்களும் அறிந்துகொள்ளுங்கள். மேலே இறப்பர் தாள், அடியில் ஸ்பொஞ்ச். ஸ்பொஞ்ச் தடிக்கத் தடிக்க வேகம் கூடும், கட்டுப்பாடு குறையும். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானியரான ஹிரோஜி சாத்தோ, தடித்த ஸ்பொஞ்ச் மட்டையுடன் வந்து பெரிய வீரர்களைத் திணறடித்துப் பட்டம் வென்றார். 1959இல் அதற்கு வரம்பு விதித்தார்கள். இன்றும் தாள், ஸ்பொஞ்ச், பசை எல்லாம் சேர்ந்து 4 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு, இறப்பர் ஒட்டியே விற்கப்படும் சாதாரண மட்டை போதும். ஒரு வருடமளவில் பயின்று, பந்தைச் சுழற்றி அடிக்கப் பழகியதும் தனியாக இறப்பர் வாங்கலாம். மேற்பரப்பு சமமாக, பந்தைப் பற்றிக்கொள்வதாக இருக்கட்டும், ஸ்பொஞ்ச் 1.5 முதல் 1.8 மில்லிமீற்றர் வரை போதும். 1969இல் வெளிவந்து இன்றும் விற்கப்படும் யசாகா மார்க் வி போன்றவை அடுத்த படிக்கு உகந்தவை. 2 மில்லிமீற்றரும் அதற்கு மேலும், வாரத்தில் பல நாள் பயிற்சி செய்து அடித்தாடுபவர்களுக்கு. போட்டிக்குப் போவதென்றால் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சிவப்பு போன்ற வேறு நிறமாகவும் இருக்கவேண்டும். சர்வதேச சம்மேளனத்தின் அனுமதி அடையாளத்தையும் பார்த்து வாங்குங்கள்.

2022இல் நமது ரூபாய் வீழ்ந்த பின்னர் இறக்குமதிச் சாமான்களின் விலை நாமறிந்ததே. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றவேண்டியதில்லை. தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றலாம். விளையாடி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உறையிலிட்டு, வெயில் படாமல் வைத்தால் நீடித்து உழைக்கும்.

ஆனால் விலை கூடியதை வாங்கி, பிள்ளை வளர்ந்தபின் பாவிக்கட்டும் என்று எடுத்து வைப்பதில் பயனில்லை. நம் மாவட்டத்திலும் வளரும் அதே மரத்துப் பால்தானே! நாட்பட நாட்பட இறப்பர் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும்.

இதைத் தகப்பனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவே, பாடசாலை அலுமாரியில் கிடந்த மெல்லிய இறப்பர் மட்டையொன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். “பரவாயில்ல மௌலவி, மிளகு அடுத்த வருஷமும் காய்க்கும். புள்ள விளையாட வந்தாப் போதும்” என்றார் அவர்.

மறுநாள் அஸருக்குப் பின் பிள்ளை வந்தான். பந்து மேசையில் விழுந்தது.