கதவுக்குப் பின்னால் ஒரு கால அட்டவணை

எங்கள் வீட்டில் பேருந்து நேரங்கள் படுக்கையறைக் கதவின் பின்புறம் தொங்கும் ஓர் அட்டையில் இருக்கின்றன. பழைய நாட்காட்டியின் அட்டை. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா நீல மையில் இரண்டு பத்திகளாக எழுதிவைத்தது. ஒன்றின் தலைப்பு 'உள்ளே', மற்றொன்று 'ஆர்ச் கேட்'. நெய்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கும்பகோணம் போகிற வண்டி நெடுஞ்சாலையிலேயே, ஆர்ச் கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். நகரியத்துக்குள் வருகிற வண்டி வேறு. பின்னிரவில் பெட்டியோடு இறங்குகிறவருக்கு அந்த வேறுபாடு ஒரு நெடிய நடை.

1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின் காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊர் அது. சாலைகள் நேர்கோட்டில் ஓடும். தெருக்கள் எண்ணிட்ட வட்டங்களுக்குள் அடங்கும். ஷிப்ட் நேரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்ட அப்பாவுக்கு, பேருந்தும் ஷிப்ட் மாதிரிதான் என்ற நம்பிக்கை இருந்தது. ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்து, நெடுஞ்சாலையை ஒட்டிய இந்திரா நகருக்கு வந்த பிறகு 'உள்ளே' என்ற பத்தி எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் அவர் அதை அடிக்கவில்லை.

அம்மா அந்த அட்டையைப் பார்க்கவே மாட்டாள். அவள் பேருந்துகளைப் பெயரால் அறிந்தவள். 'சோழன்' என்றால் கும்பகோணத்து வண்டி. 'தந்தை பெரியார்' என்றால் விழுப்புரத்து வண்டி. 1997இல், வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு கழகத்துக்குச் சூட்டியதை ஒட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டபோது, போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. கால் நூற்றாண்டு கடந்தும் அம்மாவுக்குச் சோழன் சோழன்தான். இதை நான் வெகுநாள் வேடிக்கையாகவே சொல்லிவந்தேன். அந்தப் பெயர்களே அவளுடைய வழிகாட்டிப் பலகைகளாக இருந்தன என்பது பின்னால்தான் உறைத்தது.

2002 நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறக்கப்பட்டு வெளியூர் வண்டிகள் பாரிமுனையை விட்டு அங்கே வந்தபோது அப்பா இருந்தார். இரண்டு முறை கூடவே வந்து நடத்திக் காட்டினார். மூன்றாம் முறை அம்மா தனியாக வந்தாள். அவர் மறைந்த பிறகும் அப்படித்தான். கண்ணில் நீரழுத்தம் கூடும் நோய் அவளுக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னை வந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோயம்பேட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, அரும்பாக்கத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டுவாள். நான் நிலையத்துக்கு வந்து நின்றால் அவளுக்குப் பிடிக்காது.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டது. 2024 ஜனவரி இறுதியில் தென்திசை வண்டிகள் பெரும்பாலும் அங்கே மாறின. ஒரு பகுதி மாதவரத்திலிருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டிகள் மட்டும் கோயம்பேட்டிலிருந்தே. நகர நெரிசல் குறைய வேண்டும் என்ற நியாயத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் புதிய நிலையம் பழையதிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் அப்பால். திறந்தபோது அருகில் ரயில் நிலையமும் இல்லை. இன்னொரு பக்கம், விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்ததில் அப்பாவின் நீல மை நேரங்கள் எப்போதோ பொருளிழந்திருந்தன.

நான் செய்தது ஒன்றே ஒன்று. யாரோ அனுப்பிய புதிய நேரப்பட்டியலின் படத்தை அம்மாவின் கைபேசிக்கு அனுப்பிவைத்தேன். கண் நோயாளிக்குக் கடுகளவு எழுத்தில் ஒரு பட்டியல்.

"கண்ணு இப்ப பரவால்லடா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள். ஆறாவது மாதம் நானே போய் அழைத்துவந்தேன். பார்வையின் ஓரங்கள் சுருங்கியிருப்பதாகவும், போனது திரும்பாது, மிச்சத்தைக் காக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

அம்மா பிறந்த ஊர் இரண்டாம் சுரங்கத்துக்காக 1980களில் எடுக்கப்பட்டுவிட்டது. அன்றிரவு கேட்டேன்: "ஊரே இடம் மாறினதப் பாத்தவ நீ. பஸ் ஸ்டாண்டு மாறினதுக்கா பயந்துட்ட?"

"ஊரு போனப்ப எல்லாரும் சேந்து போனோம். இங்க நான் ஒருத்தியா நின்னு கேக்கணும்" என்றாள்.

மாற்றம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எல்லா மாற்றமும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. 2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் அந்த வண்டிகளின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசினார்கள். அம்மா ஒருவரையும் கேட்கவில்லை. தூரத்திலிருந்தே நிறத்தைப் பார்த்துக் கைகாட்டினாள். அந்த மாற்றம் வண்டியின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. மற்றவை எங்கோ ஓர் ஆணையில், யாரோ ஒருவரின் திரையில் இருந்தன. தனியாகப் பயணம் செய்யும் முதியவருக்குக் கால அட்டவணை என்பது தகவல் மட்டுமன்று. யாரையும் எதிர்பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பும் உரிமையும் அதுதான். அது மாறும்போது அப்பா செய்ததை, கூடவே வந்து இரண்டு முறை நடத்திக் காட்டுவதை, யாராவது செய்தாக வேண்டும். என் வீட்டில் அந்த யாராவது நான்தான். ஒரு படத்தை அனுப்பிவிட்டு அது முடிந்ததாக நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஆர்ச் கேட்டில் ஒரு காலை முழுவதும் அம்மாவோடு நின்றேன். வருகிற வண்டிகளின் நடத்துநர்களை அவளே கேட்டாள். பிறகு இருவரும் கிளாம்பாக்கம் வந்தோம். எந்த வாயில், மாநகரப் பேருந்து எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே என்று பார்த்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தோம்.

மூன்றாம் முறை தனியாக வந்தாள்.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தபோது கதவைச் சாத்திப் பார்த்தேன். அப்பாவின் இரண்டு பத்திகளும் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, பெரிய எழுத்தில் நான்கு வரிகள், அம்மாவின் கை. பென்சிலில் எழுதியிருந்தாள்.