கரியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்

டெக்சாஸில் வெயில் ஏறத் தொடங்கியதும் பெரிய கடைகளின் வாசலில் கரிப் பைகளை அடுக்கிவிடுவார்கள். பாலும் முட்டையும் வாங்கப் போனவர்கூட ஒரு பையைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொள்வார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டின் பின்பக்கம் இறைச்சி வாட்டுவது அங்கே கிட்டத்தட்ட ஒரு குடும்பச் சடங்கு. பல வீடுகளில் காணப்படும் உருண்டையான, மூடி போட்ட அடுப்பு 1952-ல் வந்தது. சிகாகோ பக்கம் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் இரும்பு மிதவையைக் குறுக்காக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். அந்தப் பட்டறையின் பெயர்தான் இன்றைய வெபர் அடுப்பின் பெயர்.

கரியில் இரண்டு வகை. ஒன்று பிரிக்கெட். மரக்கழிவைக் கரியாக்கிப் பொடித்து, மாவுப்பசை சேர்த்து, குட்டித் தலையணை போல அச்சில் அழுத்தியது. 1920-களில் ஹென்றி ஃபோர்டு, கார் தயாரிப்புக்கு அறுத்த மரத்தின் கழிவு வீணாகக் கூடாது என்று மிச்சிகனில் இதைப் பெரிய அளவில் செய்து, கார் விற்கும் கடைகளிலேயே விற்றார். இன்னொன்று கட்டிக்கரி. மரத்தை அப்படியே காற்றில்லாமல் வேகவைத்து எடுத்தது. எதுவும் சேர்க்காதது என்பதால் அடுப்புப் பிரியர்கள் இதைத்தான் உசத்தியாகப் பேசுவார்கள். அதிலும் ஓக், ஹிக்கரி, மெக்சிகோவின் மெஸ்கீட், தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ என்று ஆளுக்கொரு கட்சி.

சான் ஆன்டோனியோ பக்கம் குடியிருக்கும் அந்த மென்பொருள்காரர் மெஸ்கீட் கட்சி. டெக்சாஸில் இருந்துகொண்டு வேறு எதை வாங்குவது என்பார். புகை வாசம் தூக்கலாக இருக்கும், சூடும் அதிகம்.

ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அவருடைய அப்பாவுக்குக் கரி புதிதில்லை. கமுதிப் பக்கம் முப்பது வருடம் கரிமூட்டம் போட்டவர். கூட நின்று விறகு அடுக்கியதும், மண் பூசியதும், தூள் சலித்ததும் அம்மா. சீமைக் கருவேலத்தை வெட்டி, கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மேலே ஈரமண் பூசி, காற்றுக்குச் சில துளைகள் மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். மூட்டத்தின் அளவைப் பொறுத்து நாலைந்து நாளோ, பத்து நாளோ உள்ளுக்குள்ளேயே கனியும். முதலில் வெள்ளைப் புகை. அது பெரும்பாலும் விறகின் ஈரம். பிறகு மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும். கடைசியில் மெல்லிய நீலமாக மாறினால் கரி வெந்துவிட்டது என்று அர்த்தம். ராத்திரியில் எங்காவது மண் விரிந்து காற்று புகுந்தால் உள்ளே இருப்பது எல்லாம் சாம்பல். அதனால் ஒருவர் மாற்றி ஒருவர் கண் விழிக்க வேண்டும். மகன் இன்ஜினீயரிங் படித்தது அந்தக் காசில்.

வந்த முதல் சனிக்கிழமை மகன் ஆசையாக அடுப்பு மூட்டினார். அம்மா உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாவது வாரமும் அப்படியே. இறைச்சி வாசம் பிடிக்கவில்லையோ என்று மருமகளுக்குச் சங்கடம். "அத்தை, உங்களுக்குத் தனியா ஏதாவது செஞ்சு தரட்டுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல தாயி. வாழ்நாளுக்கும் குடிச்ச புகை போதும். இப்பவும் ராத்திரி இருமுறேனா இல்லையா?"

மகன் அதற்குப் பிறகு அடுப்பைத் தொடவில்லை. பையில் பாதிக் கரி அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர் அப்பாதான். ஒரு மதியம் பையைச் சிமென்ட் தரையில் கொட்டி, இரண்டு கட்டிகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். 'கிண்' என்றது. ஒரு பக்கம் வைத்தார். அடுத்தது 'தொப்' என்றது. அதை எதிர்ப்பக்கம் போட்டார். முழுப் பையையும் இப்படிப் பிரித்தபோது மூன்றில் ஒரு பங்கு 'தொப்' பக்கம் சேர்ந்திருந்தது.

"தம்பி, இதெல்லாம் வேகாத கரி. உள்ள இன்னும் விறகாத்தான் இருக்கு. நீ வாசம் வாசம்னு சொல்றியே, அது இதோட புகை."

உடைத்துக் காட்டினார். வெந்த கரியின் உடைந்த முகம் கண்ணாடித் துண்டுபோல மினுங்கியது. மற்றது மங்கலாக, ஓரத்தில் பழுப்பு நிறமாக இருந்தது. தட்டிப் பார்ப்பது ஏதோ பட்டிக்காட்டுப் பழக்கம் அல்ல. ஜப்பானில் பேர்போன பின்சோதான் கரிக்கும் உலோகம்போல் ஒலிப்பதுதான் அடையாளம். மரத்திலிருக்கும் தாரும் ஆவியும் வெளியேறக் கரி ஏறக்குறைய 400, 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அதற்கு முன்பே மூட்டத்தைப் பிரித்தால் எடை கூடும். விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்குப் புகை.

கொட்டிய குவியலில் தட்டையாக, நேர் விளிம்போடு சில துண்டுகளும் இருந்தன. "இது மரம் வெட்டுனது இல்ல, பலகை அறுத்த மிச்சம்" என்று அவற்றைத் தள்ளினார். பலகைக் கழிவும் நல்ல மரமாக இருக்கலாம்தான். ஆனால் மெல்லியது சீக்கிரம் எரிந்து தீரும். பெயின்ட், பசை பட்ட பலகை என்றால் அதில் சோறு சமைப்பது தப்பு.

மெஸ்கீட் என்பது எந்த மரம் என்று அவருக்குத் தெரியாது. நெடுஞ்சாலையோரம் மகன் கை காட்டியபோதுதான் பார்த்தார். அதே முள், அதே மெல்லிய இலை, அதே நெற்று. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சீமைக் கருவேலமும் டெக்சாஸ் மெஸ்கீட்டும் நெருங்கிய உறவு. சீமைக் கருவேலத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள்தான். இந்தியாவுக்கு அது 1870-களிலேயே வந்துவிட்டது. நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு போய், கண்மாய் கரை முழுக்கப் பரவியது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிடும் அளவுக்கு அதன்மீது கோபம். டெக்சாஸிலும் மாட்டுப் பண்ணைக்காரர்கள் மெஸ்கீட்டைத் தண்ணீர்த் திருடன் என்றுதான் திட்டுகிறார்கள். புல்லை வளரவிடாது, வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோ பல பத்து அடி ஆழம் போகும். திட்டிவிட்டு, அதே மரத்தின் கரியைக் காசு கொடுத்து வாங்கிக் கறி வாட்டுகிறார்கள். கமுதியிலும் இதே கதைதான். மழை பொய்த்த வருடங்களில் அந்தத் திருட்டு மரம்தான் எத்தனையோ வீடுகளில் உலை வைத்தது. அதைச் சொல்லாமல் மரத்தை மட்டும் திட்டுவது முழு நியாயம் ஆகாது.

உறவு மரம் என்பதால் பெரியவர் மெஸ்கீட்டையே தேர்ந்தெடுப்பார் என்று மகன் எதிர்பார்த்தார். அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பற்றவைத்ததும் படபடவென்று வெடித்துப் பொறி பறந்தது. கட்டிக்குள் சிக்கிய ஈரமும் ஆவியும் சூட்டில் வெடித்துக் கிளம்பும்போது அப்படி ஆகும். மெஸ்கீட் கரி அதற்குப் பேர் வாங்கியது. பேத்தி பக்கத்தில் ஓடி விளையாடுகிற இடத்தில் அது ஆகாது என்றார். அடுத்து வந்த கெப்ராச்சோவைத் தட்டிப் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்தது. ஸ்பானிய மொழியில் கோடரியை உடைப்பது என்று பொருள்படும் பெயர் அது. அவ்வளவு கடினமான மரம். கரி கல்லாகக் கனத்தது. பிடிக்க நேரமாகும், பிடித்தால் நின்று எரியும். ஆனால் நாலு பேருக்குக் கோழி வாட்ட அவ்வளவு நேரம் எதற்கு?

கடைசியில் நின்றது ஓக். மிதமான சூடு, அதிகம் வெடிக்காது, சாம்பலும் குறைவு. கடையில் பையைப் பிரித்துத் தட்ட முடியாதே என்றதற்கும் வழி சொன்னார். பையின் அடியைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டி கட்டியாக இடித்தால் வாங்கலாம். மணல் மூட்டைபோல் நெகிழ்ந்தால் தூள்தான். தூள், கட்டிகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கும், அடுப்பு புகையும். ஓக்கிலும் பைக்குப் பை வித்தியாசம் உண்டு. மரத்தின் பெயர் பாதிதான், வெந்த பதம் மீதி என்பது அவர் கணக்கு.

மூட்டுவதிலும் இரண்டு மாற்றம் செய்தார். பற்றவைக்க ஊற்றும் எண்ணெயை நிறுத்திவிட்டார். அடியில் காகிதம் வைத்துப் பற்றவைக்கும் தகரக் குழாயை அங்கே சிம்னி என்கிறார்கள். 'தொப்' கரியை அதில் தனியாகப் போட்டு, புகை முழுக்கத் தீரும்வரை வேலி ஓரமாக எரியவிட்டார். மூட்டத்தில் யாரோ பாதியில் விட்ட வேலையை இங்கே முடித்துக்கொடுத்தார், அவ்வளவுதான். 'கிண்' கரியை இன்னொரு தடவை நிரப்பி, இருபது நிமிடம் பொறுத்து, மேல்கட்டி நீறு பூத்த பிறகே அடுப்பில் கொட்டினார்.

இரண்டாவது மாற்றம், கனலை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் ஒதுக்கியது. கோழி மறுபாதியில். மகன் இதுவரை நேராகக் கனல்மேல் வைத்து வாட்டிக்கொண்டிருந்தார். மசாலாவின் எண்ணெயும் கோழியின் கொழுப்பும் சொட்டச் சொட்டக் குபுகுபுவென்று புகை. வாட்டிய இறைச்சியின் வாசத்தில் பெரும்பங்கு இந்தச் சொட்டுகள் கருகுவதில் வருவதுதான். நன்றாக வெந்த கரிக்கென்று தனி வாசம் பெரிதாக இல்லை. மரத்துக்கு மரம் ருசி மாறும் என்று சத்தியம் செய்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூடியைப் போட்டு வேகவிட்டு, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் கனல் பக்கம் தள்ளி நிறம் ஏற்றினார்கள். அந்த வாசம் போதுமானதாக இருந்தது.

நடுவில் ஒருநாள் மழை வந்தது. அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிவிடலாம் என்று மகன் கைவைத்தார். பெரியவர் சத்தம் போட்டுவிட்டார். புகையில்லாத கனலில் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்துதான் வரும். கொடைக்கானல் பக்கம் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. அன்றைக்குக் கோழி குழம்பானது.

அடுத்த வாரம் பேத்தி போய்க் கதவைத் தட்டினாள். "அப்பத்தா, புகையே இல்ல, வந்து பாரேன்." அம்மா முதலில் ஜன்னலைத் திறந்தார். பிறகு வாசல்படி வரை வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்து அடுப்புக்கு மேற்கே போட்டு உட்கார்ந்தார்.

"காத்து இந்தப் பக்கமிருந்து வருது. எல்லாரும் இங்கிட்டு வந்து உக்காருங்க. ஏங்க, அந்த அடித்துளையைப் பாதி மூடுங்க, கனல் வீணாப் போகுது."

சாப்பிட்டு முடித்ததும் மகன் வாளியில் தண்ணீர் எடுத்து வந்தார், மீதிக் கனலை அணைக்க. அம்மா தடுத்துவிட்டார். மூடியைப் போட்டு, மேலும் கீழும் இருக்கும் துளைகளை அடைத்தாலே காற்றில்லாமல் தானாக அணையும், மிச்சம் அடுத்த வாரத்துக்கு ஆகும் என்றார். காலையில் திறந்தபோது இரண்டு கை கரி மிஞ்சியிருந்தது. அவரே எடுத்து ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாம்பலைச் சலிக்கச் சமையலறையில் பழைய சல்லடை இருக்கிறதா என்று மருமகளிடம் கேட்டார்.