பருத்திக் கோட்டையும் அடைபடும் குழாயும்
(துருக்கிப் பயணக் கட்டுரை)



உங்கள் வீட்டில் நாள்தோறும் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியை உற்றுப் பார்த்ததுண்டா? ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சில மாதங்கள் காய்ச்சினாலே, உள்ளே வெண்ணிறப் படலம் ஒன்று தடித்துவிடும். "உப்புப் படிந்துவிட்டது" என்று சொல்லி, நம் வீட்டுப் பெண்கள் புளியை இட்டுத் தேய்ப்பார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி சுண்ணாம்பே. துருக்கி நாட்டின் மேற்கே ஒரு பள்ளத்தாக்கில், இதே சுண்ணாம்பு ஓரிடத்தில் உலகமே காண வரும் அழகாகவும், சிறிது தொலைவில் பொறியாளர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் தொல்லையாகவும் இருக்கிறது. இரண்டையும் காண்போம், வாருங்கள்.

அத்தி மரங்களின் நடுவே

நமது பயணம் இஸ்மீர் நகரில் தொடங்குகிறது. பஸ்மனே நிலையத்திலிருந்து டெனிஸ்லி செல்லும் இரயிலில் ஏறுங்கள். இப்பாதையில் அய்தின் நகர் வரையிலான பகுதி உதுமானியர் ஆட்சியில் 1866-ஆம் ஆண்டிலேயே நிறைவெய்தியது. அனத்தோலிய மண்ணில் முதன்முதல் போடப்பட்ட இருப்புப்பாதை அதுவே. உள்நாட்டில் விளைந்த அத்தியையும் பருத்தியையும் துறைமுகத்துக்குக் கொண்டுவரவே அது தேவைப்பட்டது.

அய்தினைக் கடந்ததும் பெரிய மென்தரஸ் ஆறு நம்முடன் சேர்ந்துகொள்கிறது. நேராகச் செல்லத் தெரியாத ஆறு இது. வளைந்து நெளிந்து செல்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இவ்வாற்றின் பழம்பெயரிலிருந்து பிறந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரு கரைகளிலும் அத்தித் தோப்புகள், ஒலிவ மரங்கள், பருத்தி வயல்கள். உலகிலேயே மிக அதிகமாக உலர் அத்தி விளைவிக்கும் நாடு துருக்கி. அதன் பெரும்பங்கு இந்த அய்தின் மாகாணத்தினுடையது. நோன்பு திறக்கும் வேளையில் நம் தட்டுக்கு வரும் அத்திப்பழம் ஒருவேளை இந்த ஆற்று நீரைப் பருகிய மரத்தில் காய்த்ததாகவும் இருக்கலாம்.

இன்னும் கிழக்கே சென்றால் புஹார்கென்ட் என்னும் சிற்றூர் வரும். அரபு அறிந்தோருக்கு 'புஹார்' என்றால் நீராவி என்பது விளங்கும். 'கென்ட்' என்றால் நகரம். ஆவி நகரம்! பெயர் பொய்யன்று. அதையடுத்து டெனிஸ்லி மாகாணத்தின் சராய்கோய் வட்டாரத்தில் நுழையும்போது, வயல்களுக்கு அப்பால் வெண்மேகம் போல நீராவி எழுவதைக் காணலாம். அதுவே கிஸில்தெரே. அங்கே திரும்பி வருவோம்; முதலில் பருத்திக் கோட்டையைப் பார்த்துவிடுவோம்.

கல்லாகும் நீர்

டெனிஸ்லி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது பமுக்கலே. 'பமுக்' என்றால் பருத்தி, 'கலே' என்றால் கோட்டை. தொலைவிலிருந்து பார்ப்பவர் மலைச்சரிவில் பனி பெய்திருக்கிறதோ என்றே எண்ணுவார். அருகில் சென்றால், படிப்படியாக அமைந்த வெண்ணிறத் தொட்டிகளில் இளநீல நீர் தேங்கி நிற்கிறது. ஏறத்தாழ 35 டிகிரி வெப்பமுடைய அந்த ஊற்றுநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக வழிந்து வழிந்து இம்மலையைக் கட்டியிருக்கிறது. 1988-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது.

இங்கே காலணியுடன் நடக்க அனுமதியில்லை. முன்பு உச்சியில் கட்டப்பட்டிருந்த விடுதிகளை அகற்றி, இன்று ஊற்றுநீரை முறைவைத்து ஒவ்வொரு பகுதிக்கும் பாயவிடுகிறார்கள். நீர் பாயாத இடம் அழுக்கேறிக் கறுக்கும். பாயும் இடம் வெளுக்கும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்னும் புவியியல் அறிஞர் இவ்வூரைப் பற்றி எழுதியிருக்கிறார். மக்கள் வாய்க்கால் வெட்டி இந்நீரை விட்டால், அது கல்லாக உறைந்து ஒரே பாறையாலான வேலியாகிவிடுகிறது என்பது அவர் தந்த செய்தி. இன்னொன்றையும் அவர் குறித்தார். இங்கிருந்த ஒரு குகை வாயிலில் நச்சுக்காற்று நிறைந்திருந்ததாம். அவர் உள்ளே விட்ட சிட்டுக்குருவிகள் உடனே இறந்து விழுந்தனவாம். அந்தக் காற்று நாம் அறிந்த கரியமில வாயுதான். நீரைக் கல்லாக்கும் இரகசியமும் அதே வாயுவிடம்தான் இருக்கிறது.

சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழ்கள் பொங்குகின்றன அல்லவா? மூடியிருக்கும்வரை அழுத்தத்தால் நீரில் கரைந்திருந்த வாயு, திறந்தவுடன் வெளியேறுகிறது. நிலத்தின் ஆழத்தில் உள்ள நீரிலும் கரியமில வாயு இவ்வாறே கரைந்திருக்கிறது. அது இருக்கும்வரை சுண்ணாம்பும் நீரில் கரைந்தே இருக்கும். நீர் மேலே வந்து வாயு பறந்துபோனவுடன், சுண்ணாம்புக்குக் கரைந்திருக்க வழியில்லை, கல்லாகப் படிகிறது. மலைச்சரிவில் இது நடந்தால் அதற்குப் பருத்திக் கோட்டை என்று பெயர். குழாய்க்குள் நடந்தால்?

கிஸில்தெரேயின் கதை

இப்போது சராய்கோய்க்குத் திரும்புவோம். 1968-இல் துருக்கியின் கனிம ஆய்வு நிறுவனம் கிஸில்தெரேயில் துளையிட்டபோது, 540 மீட்டர் ஆழத்திலேயே 200 டிகிரிக்கு நெருங்கிய வெந்நீர் கிடைத்தது. 200 டிகிரியில் நீர் கொதித்து ஆவியாகிவிடாதா என்று கேட்பீர்கள். குக்கரின் உள்ளே நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் நீராக இருப்பது போலத்தான் இதுவும். மேலே உள்ள பாறையும் நீரும் அழுத்துவதால் கொதிக்க முடிவதில்லை. கிணற்றின் வழியே மேலேறும்போது அழுத்தம் குறைந்து, ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் கொதிக்கத் தொடங்குகிறது. அந்த நீராவியே சுழலியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. 1974-இல் அரை மெகாவாட் அளவில் ஒரு சோதனை நிலையம் இயங்கியது, 1984-இல் 17.4 மெகாவாட் நிலையம் எழுந்தது.

ஆனால், நீர் கொதிக்கத் தொடங்கும் அதே ஆழத்தில் கரியமில வாயுவும் பிரிந்தது. சுண்ணாம்பு கிணற்றுக் குழாயின் சுவரில் வளையம் வளையமாகப் படிந்தது. மாதங்கள் செல்லச் செல்லக் குழாயின் வாய் குறுகியது, நீராவி குறைந்தது, மின்சாரமும் குறைந்தது. இயந்திரங்களைக் கொண்டுவந்து, துளைக்கும் கருவியை உள்ளே இறக்கி, கல்லைச் சுரண்டி எடுத்தார்கள். சில மாதங்களில் மீண்டும் அடைத்தது. மீண்டும் சுரண்டினார்கள். பல ஆண்டுகள் இப்படியே சென்றன.

பிறகு வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. கொதிப்பு தொடங்கும் ஆழத்துக்கும் கீழே ஒரு மெல்லிய குழாயை இறக்கி, அதன் வழியே படிவுத் தடுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். பத்து இலட்சம் பங்கு நீருக்குச் சில பங்கு மருந்தே போதுமானது. சுண்ணாம்புத் துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கல்லாக வளர்வதை அது தடுக்கிறது. அடைப்பு வந்தபின் சுரண்டுவதைவிட, வருமுன் காப்பது எளிதாயிற்று.

ஆற்றில் விட்டது என்ன?

குழாய் அடைப்பு மின்நிலையத்தின் கவலை. ஆற்றங்கரை மக்களின் கவலை வேறு. வெப்பத்தை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் நீரை என்ன செய்வது? தொடக்க காலத்தில் அது மென்தரஸ் ஆற்றிலேயே விடப்பட்டது. அந்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் இருபது மில்லிகிராமுக்கும் மேலாகப் போரான் இருந்தது. பயிருக்குச் சிறிதளவு போரான் வேண்டும், மிகுந்தால் நஞ்சு. பருத்தி ஓரளவு தாங்கிக்கொள்ளும். எலுமிச்சை இனங்களும் அத்தியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே வாடத் தொடங்கும். இலை நுனி கருகும்.

இதற்குத் தீர்வு ஒன்றே: எடுத்த நீரை எடுத்த பூமிக்கே திருப்பிச் செலுத்துவது. 1990-களின் இறுதியில் அதற்காகவே 2,200 மீட்டருக்கும் ஆழமாக ஒரு கிணறு தோண்டினார்கள். வியப்பு என்னவெனில், திருப்பிக் கொடுக்கத் தோண்டிய அந்தக் கிணற்றில் 240 டிகிரிக்கும் மேற்பட்ட புதிய வெப்பம் கிடைத்தது! அந்த ஆழத்தை நம்பியே பிற்காலத்தில் 2013-இல் 80 மெகாவாட் நிலையமும், 2018-க்குள் 165 மெகாவாட் நிலையமும் அங்கே எழுந்தன.

திருப்பிச் செலுத்துவதிலும் ஒழுங்கு வேண்டும். பேராசையால் நீரிலுள்ள வெப்பத்தை எல்லாம் உறிஞ்சி அளவுக்கு மேல் குளிரவிட்டால், அதில் கரைந்துள்ள சிலிக்கா கண்ணாடி போல உறைந்து, திரும்பும் வழியை அடைத்துவிடும். எடுக்கும் கிணற்றுக்கு மிக அருகில் செலுத்தினால், அடியிலுள்ள வெப்பமே தணிந்துவிடும்.

வாயுவின் கணக்கும் இருக்கிறது. புவிவெப்ப மின்சாரம் தூயது என்றே நாம் படித்திருக்கிறோம். ஆனால் சுண்ணாம்புப் பாறை நிறைந்த இப்பள்ளத்தாக்கில் நீராவியோடு கரியமில வாயு ஏராளமாக வருகிறது. இங்குள்ள நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 900 முதல் 1,300 கிராம் வரை அவ்வாயுவை வெளியேற்றியதாக உலக வங்கியின் 2016-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று கூறியது. நிலக்கரி நிலையத்துக்கு ஈடான அளவு இது! காலப்போக்கில் இது குறையும் என்றாலும் சிறிதன்று. கிஸில்தெரேயில் 1986 முதலே அவ்வாயுவின் ஒரு பகுதியைப் பிடித்து உலர்பனிக்கட்டி செய்கிறார்கள். நீரில் கரைத்துப் பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்பும் சோதனைகளும் அண்மை ஆண்டுகளில் தொடங்கியிருக்கின்றன.

இன்று துருக்கியின் புவிவெப்ப மின்திறன் 1,600 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி இந்த மேற்குப் பள்ளத்தாக்குகளில்தான். எல்லா நிலையங்களும் ஒரே ஒழுங்குடன் நடக்கின்றன என்று சொல்வதற்கில்லை. அழுகிய முட்டை நாற்றத்தையும், தோப்புகளின் வாட்டத்தையும் முன்வைத்து அய்தின் விவசாயிகள் போராடியிருக்கிறார்கள், நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கும் மின்சாரம் வேண்டும். ஆயினும் விளக்கெரிய வேண்டும் என்பதற்காக அத்தி மரம் கருகவேண்டுமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதானே?

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது

அண்டை வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கினால், கழுவித் திருப்பிக் கொடுப்பது நம் குடும்பங்களின் வழக்கம். உடைத்துவிட்டு, 'சோறு நன்றாக இருந்தது' என்று சொல்ல எவரும் துணியார். பூமியின் வெப்பமும் நம் கைக்கு வந்த ஓர் அமானிதமே. வெப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அதனோடு வந்த நீரையும் நஞ்சையும் அதற்குரிய இடத்தில் சேர்க்கும்போதுதான் அந்த மின்சாரம் தூயதாகிறது. கிஸில்தெரே அதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

அடுத்தமுறை வெந்நீர்ப் பாத்திரத்தைத் தேய்க்கும்போது, அந்த வெண்படலத்தைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள். பருத்திக் கோட்டையின் சின்னஞ்சிறு துண்டு ஒன்று உங்கள் அடுப்பங்கரைக்கே வந்திருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள், கதையையும் சொல்லுங்கள்.