படத்துக்கு வெளியே நிற்கும் கட்டடம்

பொழுது புலரும் நேரத்தில் அமீன்பூர் பெரிய ஏரியின் கரையில் முக்காலிகள் முளைக்கின்றன. ஹைதராபாத்தின் வடமேற்கு விளிம்பில், மியாப்பூரைத் தாண்டி இருக்கும் ஏரி இது. குதுப் ஷாஹி சுல்தான்கள் காலத்தில் வெட்டப்பட்டது. 2016-ல் இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். நகர நீர்நிலை ஒன்றுக்கு இந்தியாவில் அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. சில குளிர்காலங்களில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. சுற்றிலும் பாறை, பாறைக்குப் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள்.

இந்த நகரத்தில் பறவை பார்ப்பது புதுப் பழக்கமல்ல. ஆந்திரப் பிரதேசப் பறவை நோக்குவோர் சங்கம் 1980-ல் தொடங்கியது. இன்று அதன் பெயர் டெக்கான் பேர்டர்ஸ். புதிதாக வந்திருப்பது நீண்ட லென்ஸ்களின் கூட்டம். லட்சக்கணக்கில் செலவழித்து லென்ஸ் வாங்கியவருக்கும் முதல் வருஷத்தில் வாய்ப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான்: நடுவில் ஒரு கொக்கு, மேலிருந்து கீழே பார்த்தபடி, சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை வெளேரென்று.

வீட்டில் எல்லோரும் 'பிரமாதம்' என்பார்கள். அதனால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. நீர் இருண்டிருக்கிறது, கொக்கு வெள்ளை. இருட்டைக் கண்டு ஏமாந்த கேமரா ஒளியைக் கூட்டிவிட்டது. இறகின் மடிப்புகள் அழிந்துபோயின. அப்படி அழிந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒளியளவை எடுக்கும்போதே ஒரு படி குறைத்திருக்க வேண்டும். அடுத்த குறை கோணம். கரையில் நின்றபடி எடுத்தால் பறவையின் முதுகுதான் தெரியும். சேற்றில் வயிறு பட வீழ்ந்து படுத்தால் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும், பின்னணி விலகி மங்கும். சட்டை பாழாகும், படம் பிழைக்கும்.

கணினியில் செய்யும் வேலைக்கும் விமர்சனம் உண்டு. புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை அளவு மீறி வழித்தால் இறகு பிளாஸ்டிக் ஆகிவிடும். கூர்மையைக் கூட்டினால் அலகைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். நிறம் இன்னும் ஆபத்தானது. தெலங்கானாவின் மாநிலப் பறவை பாலபிட்ட, அதாவது நம் பனங்காடை. தசராவன்று அதைப் பார்த்தால் நல்ல சகுனம் என்பது இங்குள்ள நம்பிக்கை. அது சிறகை விரிக்கும்போது தெரியும் நீலமே போதுமானது. ஆனால் நிறத்தைக் கூட்டும் பட்டியைக் கண்டதும் பலருக்குக் கை அரிக்கிறது. நீலம் கூடும்போது மார்பின் மங்கிய பழுப்பும் ஊதாவாகிவிடும். கிழக்கே வாழும் இந்தோசீனப் பனங்காடையின் மார்பு அந்தச் சாயல் கொண்டது. அழகுக்காகத் தள்ளிய பட்டி பறவையின் ஊரையே மாற்றிவிடுகிறது.

ஓர் இறகைச் சரியாகப் பார்ப்பதற்காகச் சண்டை போட்டவர்களின் கதை ஒன்றும் ஹைதராபாத்தோடு சேர்ந்தது. நிஜாம் அரசின் ஆதரவில் 1931-32-ல் சலீம் அலி இந்தச் சமஸ்தானத்தின் பறவைகளை ஆய்வு செய்தார். அவர் சேகரித்தவற்றை ஆராய்ந்து குறிப்பு எழுதியவர் இங்கிலாந்தில் இருந்த ஹ்யூ விஸ்லர். இருவருக்கும் அறிமுகமே ஒரு தகராறுதான். துடுப்புவால் கரிச்சானின் நீண்ட வாலிறகைப் பற்றி விஸ்லரின் புத்தகத்தில் பிழை இருப்பதாக, அன்று பெயர் தெரியாத சலீம் அலி எழுதினார். இறகின் தண்டு முறுக்கிக்கொண்டிருப்பதால் எந்தப் பக்கம் எது என்று பார்ப்பவர்கள் குழம்பியிருந்தார்கள். பெரியவருக்குக் கோபம் வந்தது. பிறகு தன்னிடமிருந்த பறவைகளை எடுத்துத் திரும்பப் பார்த்தார், தவற்றை ஒப்புக்கொண்டார், நெருங்கிய நண்பரும் ஆனார். கணினித் திரை முன்னால் இந்தப் பெருந்தன்மை சுலபமாக வருவதில்லை.

வெட்டுவதில்தான் பெரிய வழக்கு. போட்டிகளின் இயற்கைப் பிரிவில் விதி தெளிவு: ஓரத்தை வெட்டலாம், ஒளியைத் திருத்தலாம், குறுக்கே நீட்டும் குச்சியை அழிக்கக் கூடாது, இல்லாத மேகத்தை ஒட்டக் கூடாது. மனிதன் படைத்தவையும் தென்படக் கூடாது. ஆனால் இதற்கு விலக்கு உண்டு. புகைபோக்கியில் கூடு கட்டும் நாரையைப்போல, அவை பறவையின் வாழ்க்கையோடு பிணைந்திருந்தால் அனுமதி. (கூட்டருகே போய் எடுத்த படங்களைப் பல இந்தியக் குழுக்கள் அடியோடு நிராகரிக்கின்றன. மறைத்த கிளையை ஒடித்துப் படம் எடுத்துப் போனவருக்குப் பின்னால் காக்கை வரும் என்பதே காரணம்.)

அமீன்பூரில் இந்த விதி இடிக்கிறது. பூநாரைக் கூட்டத்தின் பின்னால் கட்டடம் நின்றால், 'பின்னணி கெடுக்கிறது, வெட்டு' என்பதே முதல் ஆலோசனை. படம் என்ற அளவில் அது சரியான ஆலோசனைதான். வெட்டினால் இளஞ்சிவப்புக் கால்களும் நீரும் மட்டும் மிஞ்சும். கட்ச் பாலைவனமோ என்று தோன்றும். 1908 வெள்ளத்தில் மூசி நதி ஊரை விழுங்கிய பிறகு கட்டப்பட்ட உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் கரைகளிலும் இதே கத்தரி நடமாடுகிறது. நூறு படங்களைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஹைதராபாத்தின் ஏரிகளைச் சுற்றி ஊரே இல்லை என்று படும். இந்த நூறும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏரி சுருங்கியதா, சாக்கடை எந்தப் பக்கம் கலக்கிறது என்று பத்து வருஷம் கழித்துத் தேடுபவருக்கு இவற்றில் பதில் கிடைக்காது.

வெட்டியதைச் சுவரில் மாட்டலாம். வெட்டாததைத் தேதி, இடம், நேரம் குறித்து வைத்துக்கொள்ள நினைவுத்தட்டில் கொஞ்சம் இடம் போதும். அதில் பூநாரை சின்னதாகத்தான் இருக்கும். நாலாவது மாடிக் கொடியில் காயும் சிவப்புப் புடவை அதைவிடப் பெரிதாகத் தெரியும்.