ஷில்லாங் மேடும் எங்கள் கிழட்டு ஆட்டோமேட்டிக்கும்

கிளட்ச் இல்லாத பழைய வண்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இந்தப் பதிவு. கியர் சரியாக விழவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் காதில் விழுவது "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்பதுதான். சில சமயம் உண்மையிலேயே போயிருக்கும். பல சமயம் இல்லை.

எங்களுடையது 2011 மாடல் எஸ்யூவி. நாலு ஸ்பீடு, டார்க் கன்வர்ட்டர் வகை. (சின்னக் கார்களில் வரும் ஏஎம்டி வேறு ஜாதி. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், நமக்குப் பதிலாக ஒரு சின்ன இயந்திரம் கிளட்ச் மிதிக்கிறது, அவ்வளவே. நான் சொல்லப்போவது அதற்குப் பொருந்தாது.) 2016-ல் மதுரையில் ஸ்கூட்டர் விபத்தில் தங்கமணிக்கு இடது கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். கிளட்ச் மிதித்தால் அரை மணியில் கால் வீங்கிவிடும். ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தபோது செகண்ட் ஹேண்டில் இதை வாங்கியதே அவளுக்காகத்தான். அவள் பள்ளிக்கூட வேலை, மார்க்கெட், பெண்ணின் டியூஷன் எல்லாம் இந்த வண்டியில்தான். இந்த ஊர் மேட்டில் அந்தக் காலோடு நடக்க முடியாது.

போன ஆகஸ்டில் குவாஹாட்டியிலிருந்து திரும்பும்போது, நோங்போ தாண்டி ஏறும் இடத்தில் வண்டி மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது. எஞ்சின் முனகுகிறது, வேகம் வரவில்லை. 'ஓவர்டிரைவ் ஆஃப்' விளக்கு சிமிட்டுகிறது. ஸ்பீடாமீட்டர் முள் அவ்வப்போது பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது. பாராபானி ஏரிப் பக்கம் ஓரங்கட்டி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒழுங்காகப் போனது. சூடானதும் பழைய கதை.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கீழே படுத்துக்கூடப் பார்க்காமல் 1,40,000 ரூபாய் எஸ்டிமேட் நீட்டினார்கள். விற்றால் இரண்டு லட்சம் தேறினால் பெரிது. 90 நாள் தவணை வரவில்லை என்றால் கடனை என்பிஏ என்று எழுதும் தொழில் எனக்கு. இந்தக் கணக்கு என்ன சொல்லும் என்று தெரியாதா? தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. டியூஷன் சாருக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வந்து சொல்லித்தர முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று கிளம்பினேன்.

லைமுக்ரா பக்கம் ஒரு சின்ன ஷெட். காசிக்காரர். (இங்கே பெரியவர்களை மரியாதையாக 'பா' என்பார்கள். நான் சொன்னால் 'வாப்பா போப்பா' மாதிரியே எனக்குக் கேட்கிறது :-)) அவர் முதலில் எடுத்தது ஸ்பேனர் அல்ல, டிப்ஸ்டிக். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்க, லீவரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்திவிட்டு ஆயிலை இழுத்துப் பார்த்தார். அளவு சரி. வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்தார். நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது, கருகல் வாசம் இல்லை. "உள்ளே கிளட்ச் தகடு எரிந்திருந்தால் இது நாறும்" என்றார் இந்தியில். ஆயில் குறைந்தாலும் சரி, தகடு தேய்ந்தாலும் சரி, எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி நகராது. எங்களுக்கு அந்தத் தொந்தரவும் இல்லை.

அப்புறம் ஸ்கேனர். வந்தது இரண்டு கோடு. பி 0700 என்பது 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு புகார் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும் (இதைக் காட்டித்தான் பலரைப் பயமுறுத்துகிறார்கள்). நிஜப் புகார் அடுத்தது, பி 0720. கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சார். அந்தத் தகவல் வராவிட்டால் எப்போது கியர் மாற்றுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எதையாவது உடைக்காமல் இருப்போம் என்று ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். லிம்ப் மோட் என்பது இதுதான். எங்கள் மாடலில் ஸ்பீடாமீட்டருக்கும் அதே சென்சார், முள் விழுந்ததன் காரணம் விளங்கிற்று.

கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி மாதிரி களிம்பு. மேகாலயா மழை! ஒயர் ஒன்று உறைக்குள்ளேயே அறுந்து, சூட்டில் விலகிக்கொண்டிருந்தது. புது சென்சார், கனெக்டர், கூலி எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். ஆயிலையும் மாற்றினோம். அழுத்தம் கொடுத்து ஃபிளஷ் செய்யவில்லை, போல்ட்டைத் திறந்து வடித்ததோடு சரி. அப்படி வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு தடவை. மேனுவலில் போட்டிருக்கும் வகை ஆயில் மட்டுமே ஊற்றுங்கள், 'எல்லாத்துக்கும் இதுதான் சார்' என்பவரிடம் வேண்டாம். வழியில் நின்றுபோனால் ஓடும் சக்கரம் தரையில் படும்படி இழுக்கவும் விடாதீர்கள், முழுசாக லாரியில் ஏற்றச் சொல்லுங்கள்.

சட்டியைத் திறந்தபோது அடியிலிருந்த காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசைதான் இருந்தது. இரும்புச் சில்லுகள் இருந்திருந்தால் அந்த 1,40,000-ஐ யோசித்திருப்பேன்.

இப்போதும் காலையில் குளிரில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லேசாக ஒரு உதறல் இருக்கிறது. இரண்டாவது ஆயில் மாற்றத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று 'பா' சொல்லியிருக்கிறார். தங்கமணி டியூஷன் சாரை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.