அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் முன்

லினக்ஸ் கணினியில் ஏதாவது ஒன்று நின்றுபோனால் முதலில் கிடைக்கும் யோசனை, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுரலாம்" என்பதுதான். தெரிந்தவர்களின் பழைய மடிக்கணினிகளில் உபுண்டுவும் மின்ட்டும் போட்டுக்கொடுத்து, பிறகு அவற்றின் கோளாறுகளையும் பார்த்துக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதற்குப் பெரும்பாலும் அவசியமே இருப்பதில்லை. என்ன கோளாறு என்பதை லினக்ஸ் எங்காவது எழுதி வைத்திருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

அடிக்கடி என்னிடம் வரும் ஒரு கேஸ். கடவுச்சொல்லைச் சரியாகவே அடிக்கிறார்கள். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்றும் சொல்வதில்லை. உள்ளே பிள்ளையின் ப்ராஜெக்ட், கல்யாணப் படங்கள், வரிக் கணக்கு எல்லாம் இருக்கும், பதறத்தான் செய்வார்கள். ஆனால் பெரும்பாலும் டெஸ்க்டாப் மட்டும்தான் எழும்பவில்லை. அடியில் இயங்குதளம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திரை வரும். அதே பெயர், அதே கடவுச்சொல். உள்ளே போய்விடலாம்.

போனதும் நான் அடிப்பது 'டிஎஃப் -எச்'. எந்தப் பார்ட்டிஷனில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று இது காட்டும். 100% என்று ஒரு வரி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே நுழையும்போது டெஸ்க்டாப் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால், தொடங்கிய வேகத்திலேயே வெளியே வந்துவிடுகிறது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். சாதாரணப் பயனருக்கு ஒரு பைட் இடமில்லாத நிலையிலும் ரூட்டாக வேலை செய்ய முடிவது அதனால்தான். இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அடுத்து 'டியூ' கட்டளையால் எந்த அடைவு பெருத்திருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் ட்ராஷில் போட்டுவிட்டு மறந்த வீடியோக்களோ, ஊதிப்போன ஒரு லாக் கோப்போ அகப்படும். ட்ராஷுக்குப் போன கோப்பு அங்கேயும் அதே இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

டிஎஃப் தாராளமாக இடம் காட்டியும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்றே வந்தால் 'டிஎஃப் -ஐ' அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோட் வேண்டும். எக்ஸ்ட்4-இல் அந்த எண்ணிக்கை டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். குட்டிக் குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருக்கும், ஐநோட் தீர்ந்திருக்கும். பழைய கேஷ் கோப்புகளை நீக்கினால் போதும்.

இடமும் இருக்கிறது, ஐநோட்டும் இருக்கிறது என்றால், எக்ஸ் வரைகலை அமைப்பைப் பயன்படுத்தும் டெஸ்க்டாப்பில் நான் பார்ப்பது வீட்டு அடைவில் உள்ள 'டாட் எக்ஸ்அத்தாரிட்டி' கோப்பை. வரைகலை நிரலை யாராவது சூடோ போட்டுத் திறந்திருந்தால், சில சமயம் அந்தக் கோப்பு ரூட்டின் பெயருக்கு மாறிவிடும். 'எல்எஸ் -எல்' கட்டளையை அந்தக் கோப்பின் பெயரோடு அடித்தால் உரிமையாளர் பெயர் தெரியும். 'சிஎச்ஓன்' கட்டளையால் ஒரே வரியில் திருப்பி வாங்கிவிடலாம்.

மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 'குட் நாட் கெட் லாக்' என்று வந்ததும் பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரை தவறானது. பின்னணியில் தானாக ஓடும் அப்டேட் அந்தப் பூட்டைப் பிடித்திருக்கலாம். புதிய பதிப்புகளில் அதே செய்தியிலேயே பிடித்திருக்கும் ப்ராசஸின் எண்ணும் பெயரும் இருக்கும். பூட்டை உடைத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொகுப்புப் பதிவேட்டில் எழுதினால் அது சிதையலாம்; அப்புறம்தான் உண்மையான தலைவலி. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாலே பெரும்பாலும் தானாக விடுபட்டுவிடும்.

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்களா? "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் அடித்த கட்டளை, அதற்கு வந்த பதில், இரண்டையும் ஓர் எழுத்து விடாமல் அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள்.