மூன்றாம் பத்தில் ஒரு முடிச்சு

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். விடிந்தால் ஆங்கிலப் பரீட்சை. நானும் அப்பாயியும் குன்னூரில் மாலைப் பூசை கண்டு பஸ் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் லைன் வீடுகளுக்கு ஏறும் பாதையை அடைத்துக்கொண்டு காட்டெருமை. தேயிலைச் செடிக்கு மேலே முதுகு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. "நில்லு ஆத்தா" என்று அப்பாயி ஜெபமாலையை எடுத்தது. ஒரு பத்து முடிந்தது, அது அசையவில்லை. இரண்டாம் பத்தும் போய், மூன்றாவதில் தன் இஷ்டத்துக்குத் திரும்பி இறங்கிப் போனது. ஜெபத்துக்குப் பயந்து போனதாகச் சொல்லமாட்டேன். என் கால் நடுக்கம் அதற்கு முன்பே நின்றிருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

இயற்பியல் ரிவிஷன். லென்ஸ் சமன்பாட்டைப் பத்து முறை எழுதினேன், பதினோராவது முறை குறி மாறிவிட்டது. அழுகை வந்தது. அப்பாயி புத்தகத்தை மூடிவிட்டு மாலையைக் கையில் திணித்தது.

இலங்கையில் மடு மாதா கோயிலில் வாங்கிய மர மணி. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்பாயி அங்கிருந்து வந்தபோது, மண்டபம் முகாமில் ஒரு மணி தொலைந்து போனதாம். அந்த இடத்தில் நூலால் முடிச்சு. 53 'அருள் நிறைந்த மரியே'க்கு 52 மணியும் ஒரு முடிச்சும். இப்போது இருக்கும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) வீட்டுக்கு அதோடுதான் குடிவந்தது.

ஜெபமாலையில் வியாழக்கிழமைக்கு ஒளியின் தேவரகசியம். 2002-ல் போப் இரண்டாம் ஜான் பால் சேர்த்தது. அப்பாயிக்கு அது இன்னும் 'புதுசு', சொல்லாது. நான் ஒளியியல் படிக்கிறேனே, எனக்கு ஆகும் என்றேன். முறைத்தது.

பரீட்சைக்குப் பாதுகாவலர் குபெர்த்தீனோ யோசேப்பு என்று மறைக்கல்வியில் சொன்னார்கள். 1603-ல் பிறந்த இத்தாலியர், படிப்பே ஏறாதவர். குருப்பட்டத்துக்கு முந்திய தேர்வில் ஆயர் நற்செய்தியைத் திறந்தாராம்; இவருக்கு விளக்கத் தெரிந்த ஒரே பகுதி அங்கே இருந்ததாம். 1767-ல் புனிதர் பட்டம். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் கதை எனக்கு ஆறுதலாக இல்லை. ஒரே பாடத்தை நம்பிப் போனவர் அவர். நானோ எந்தப் பாடத்தையும் நம்ப முடியாமல் தவிக்கிறவள். எனக்கு வேண்டியது அதிர்ஷ்டம் இல்லை, கை நடுங்காமல் இருந்தால் போதும்.

மாலையை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். குறி சரியாக வந்தது. நாளைக்கு மறந்தாலும் மறப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

கடைசிப் பரீட்சை, மங்கள வார்த்தைத் திருநாளன்று. ஜெபமாலை தேர்வறைக்கு வெளியே பைக்குள். கேள்வித்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிஷத்தில் கட்டை விரலால் விரல் கணுக்களை எண்ணினேன். ஐந்து மதிப்பெண்ணில் ஒன்று தெரியாதது. மற்றதை எழுதிவிட்டுக் கடைசியில் அதற்கு வந்தேன், அப்போதும் தெரியவில்லை. வரைந்த படத்துக்காவது அரை மதிப்பெண் போடுவார்கள்.

ராத்திரி அப்பாயி நன்றி சொல்லக் கூப்பிட்டது. முடிச்சுக்கு வருவதற்குள் தூங்கிவிட்டேனாம்.